டம்ளர் தண்ணீர் பழுப்பானால் பதறாதீங்க! - பெரியகுளம் வீடுகளுக்கு எந்த வாட்டர் ஃபில்டர் சரி?

"அக்கா, நீங்க தினமும் குடிக்கிற தண்ணியை நீங்களே பாருங்க..." என்றுதான் அந்த டெமோ ஆரம்பிக்கும். மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில், விற்க வந்தவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி ஒன்றை இரண்டு டம்ளரிலும் இறக்கி, பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, மேலே கொழகொழவென்று ஏதோ மிதக்கும். ஆர்.ஓ தண்ணீர் மட்டும் அப்படியே பளிங்கு மாதிரி இருக்கும். "இதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீங்களா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறிவிடும்.

அந்தப் பழுப்பு, தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கருவியின் கம்பியிலிருந்து வந்த இரும்பு. தண்ணீரில் கொஞ்சம் உப்புகள் கரைந்திருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து, துருவாகத் திரண்டு நிற்கும். ஆர்.ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. சந்தேகம் என்றால், அடுத்த முறை அவருடைய ஆர்.ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு, மறுபடி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். அந்த 'சுத்தமான' தண்ணீரும் பழுப்பாகும்!

இப்படிப் பயத்தில் வாங்கிய மெஷின்கள் எத்தனையோ சமையலறைச் சுவர்களில் தொங்குகின்றன. வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் கைக்குழந்தை இருக்கும், வயதான அப்பத்தா இருப்பார், போன மழைக்காலத்தில் யாருக்கோ மஞ்சள் காமாலை வந்திருக்கும். தண்ணீர் விஷயத்தில் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால், கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்றாக இருக்க, பணம் வேறொன்றுக்குப் போகிறது என்பதுதான் சிக்கல். பெரியகுளம் போன்ற ஊரில் இந்தக் குழப்பம் இன்னும் கொஞ்சம் அதிகம். காரணம், இங்கே ஒரே தெருவில் இரண்டு வகைத் தண்ணீர் ஓடுகிறது.

மலைத் தண்ணீரும் போர் தண்ணீரும்

பெரியகுளம் நகரின் குடிநீருக்கு ஆதாரம் மலையடிவாரத்தில் இருக்கும் சோத்துப்பாறை அணை. 126.28 அடி உயரம் கொண்ட இந்த அணைக்கு, கொடைக்கானல் மலையின் பேரிஜம் ஏரிப் பக்கமிருந்து இறங்கும் ஓடைகள் தண்ணீர் கொண்டுவருகின்றன. அணையைத் தாண்டி, ஊரை வடகரை, தென்கரை என்று பிரித்து ஓடுகிறதே வராக நதி... அதே தண்ணீர்தான். கெட்டியான மலைப்பாறை மீது விழுந்து, காட்டுக்குள் ஓடி, மண்ணுக்குள் அதிக நாள் தங்காமல் வந்து சேரும் நீர் இது. அதனால் இதில் உப்புகள் கரைந்திருப்பது இயல்பாகவே குறைவு. வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் "உங்க ஊர்த் தண்ணி என்ன ருசி!" என்று சொல்வதற்கும் சோப்பு நன்றாக நுரைப்பதற்கும் இதுதான் காரணம்.

நகராட்சிக் குழாய் வராத நாளுக்கும், தோட்டத்து வீடுகளுக்கும், புதிதாக முளைத்த குடியிருப்புகளுக்கும் கைகொடுப்பது போர்வெல். அது வேறு ஜாதித் தண்ணீர். பல நூறு அடி ஆழத்தில், பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கால்சியம், மெக்னீசியம் என்று கிடைத்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. ஒரு போரில் இனிக்கும். பத்து வீடு தள்ளி இன்னொரு போரில் கரிக்கும். மாந்தோப்பும் வயலும் சூழ்ந்த பகுதி என்பதால், உரமாகப் போடும் தழைச்சத்து நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கம்பம், கூடலூர் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆற்றுத் தண்ணீர் ஒரு ரகம், வீட்டு போர் இன்னொரு ரகம்.

ஆக, "எந்த கம்பெனி ஃபில்டர் நல்லது?" என்பது இரண்டாவது கேள்வி. "என் வீட்டு டம்ளருக்கு எந்தத் தண்ணீர் வருகிறது, அதில் என்ன இருக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் ஃபில்டர் வாங்குவது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று சொல்லாமலே மருந்துக்கடையில் மாத்திரை கேட்பது மாதிரி.

டி.டி.எஸ் என்ற மந்திரச் சொல்

ஃபில்டர் விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை டி.டி.எஸ். தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு. பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. தண்ணீரில் முக்கினால் ஓர் எண் வரும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பொருள், பி.பி.எம் என்று சொல்வதும் அதேதான்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்) குடிநீருக்கு வைத்திருக்கும் தரத்தின் பெயர் ஐ.எஸ். 10500. அதன்படி டி.டி.எஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 500-ஐத் தாண்டினால் விஷம் என்று அர்த்தமில்லை. ருசி மாறும், பாத்திரத்தில் வெள்ளை படியும், பருப்பு வேகச் சண்டித்தனம் செய்யும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டி.டி.எஸ் மீட்டர் உப்பை மட்டுமே பார்க்கும். கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது. சாக்கடை கலந்த மழைத் தண்ணீர் அந்த மீட்டரில் 150 என்று 'நல்ல பிள்ளை'யாகக் காட்டலாம். அதே மீட்டரை இளநீரில் முக்கினால் ஆயிரக்கணக்கில் காட்டும். இரண்டில் எதைக் குடிப்பீர்கள்? குழாய்த் தண்ணீருக்கு 120 காட்டிவிட்டு, "பாருங்க, எங்க மெஷின்ல 20 தான்" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் வீட்டில் இல்லாத நோய்க்கு மருந்து விற்கிறார்.

எண் குறைய குறைய நல்லது என்பதும் உண்மையில்லை. டி.டி.எஸ் 20, 30 என்று இறங்கிய தண்ணீர் சப்பென்று இருக்கும். அதே சமயம், 'ஆர்.ஓ தண்ணீர் குடித்தால் எலும்பு கரைந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளும் மிகை. நமக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பங்கு பால், கீரை, கேழ்வரகு என்று சாப்பாட்டிலிருந்து வருகிறது. ஆர்.ஓ தேவைப்படும் வீட்டில் அதைப் பயமில்லாமல் குடிக்கலாம். தேவையே இல்லாத வீட்டில் அதற்காகப் பணமும் தண்ணீரும் செலவழிப்பானேன் என்பதுதான் கேள்வி.

ஒரு பரிசோதனைக்கு ஆகும் செலவு

மீட்டர் சொல்லாத மீதியைச் சொல்ல ஆய்வகம் இருக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டங்கள்தோறும் நீர்ப் பரிசோதனை ஆய்வகம் நடத்துகிறது. தேனி மாவட்டத்துக்கும் உண்டு. பொதுமக்களும் கட்டணம் கட்டி வீட்டுத் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். ஃபில்டர் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. போவதற்கு முன்னால் ஒரு போன் செய்து, எந்த நேரத்தில் கொண்டுவரலாம், எவ்வளவு கட்டணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேதியியல் சோதனைக்கு, சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். கேனை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமி சோதனை அப்படியில்லை. அதற்குக் கிருமிநீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கி, வாயில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் ரிசல்ட் உங்கள் பாட்டிலைப் பற்றித்தான் சொல்லும். தண்ணீரைப் பற்றிச் சொல்லாது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லா வரியையும் பார்த்து மிரள வேண்டாம். டி.டி.எஸ் 500-க்குள் இருக்கிறதா? மொத்தக் கடினத்தன்மை 200-க்குள் இருந்தால் நல்லது. 600 வரை பொறுக்கலாம். ஃப்ளோரைடு ஒன்றுக்குள் இருக்க வேண்டும், ஒன்றரையைத் தாண்டவே கூடாது. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. இதில் சலுகையே கிடையாது. புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் நைட்ரேட் வரிதான் முதலில் பார்க்க வேண்டியது. நைட்ரேட் அதிகமானால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். கடைசியாக, 'ஈ.கோலை' என்ற வரி. 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால், மலம் கலந்த தண்ணீர் எங்கோ சேர்கிறது என்று பொருள்.

கிராம ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையடக்கப் பரிசோதனைப் பெட்டியும் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

மலைத் தண்ணீருக்கு எதிரி உப்பு அல்ல, கிருமி

நகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கும் வீடுகளுக்கு வருவோம். மேலிருந்து வரும் தண்ணீரில் குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக் குழாயில் லேசான பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் முகம் சுளிக்கிறோமே... உண்மையில் அது நல்ல சேதி.

பிரச்னை வழியில்தான். தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் சின்ன விரிசல் இருந்தால், வெளியே தேங்கியிருப்பது உள்ளே கசியும். அடுத்த முறை வால்வைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான். முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடத்தில் பிடிக்காமல் வாசல் தெளிக்க விடுகிறவர்கள் புத்திசாலிகள். அதையும் தாண்டி வந்த தண்ணீர் தரைத்தொட்டிக்குப் போகிறது, அங்கிருந்து மாடி சின்டெக்ஸுக்கு ஏறுகிறது. மூடி சரியாக இல்லாத தொட்டியில் பல்லி, பறவை எச்சம், அடியில் பாசி. அந்தத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று வீட்டில் கேட்டுப்பாருங்கள். 'போன பொங்கலுக்கு முன்னாடி' என்று பதில் வந்தால், ஃபில்டர் கடைக்குப் போவதற்கு முன்னால் மாடிக்குப் போவது நல்லது.

இந்தத் தண்ணீருக்கு ஆர்.ஓ தேவையில்லை, கிருமியைக் கொல்லும் அல்லது தடுக்கும் கருவி போதும். அதற்கு யு.வி, யு.எஃப் என்று இரண்டு வகை.

யு.வி என்பது புற ஊதா விளக்கு. 254 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் இருக்கும் இந்த ஒளி, பாக்டீரியா, வைரஸ் இரண்டின் மரபணுவையும் சிதைத்து, அவை பெருக முடியாமல் செய்துவிடும். உப்பையோ ருசியையோ தொடாது, தண்ணீரை வீணாக்காது. ஆனால், இதற்கு இரண்டு பலவீனங்கள். கரன்ட் வேண்டும். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில், மண் துகளுக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொள்ளும், வெளிச்சம் படாது. விளக்கு எரிகிற மாதிரியே தெரிந்தாலும், சுமார் 8,000 மணி நேரத்துக்குப் பிறகு அதன் வீரியம் குறைந்துவிடும்.

யு.எஃப் என்பது நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு. துளையின் அளவு சுமார் 0.01 மைக்ரான். பாக்டீரியா இதைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் உள்ளே நுழையாது. கரன்ட் வேண்டாம், மேலே ஊற்றினால் கீழே சொட்டும். விலையும் குறைவு. மிகச் சிறிய வைரஸ்கள் சில தப்பிக்கலாம் என்பது இதன் குறை. கிருமிதான் கவலை, தண்ணீர் தெளிவாக வருகிறது, கரன்ட் பிரச்னை இல்லை என்றால் யு.வி, மின்வெட்டு அதிகம், பட்ஜெட் குறைவு என்றால் யு.எஃப். இரண்டும் சேர்ந்த மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது.

விற்பவர்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. கிட்டத்தட்ட எல்லா ஃபில்டரிலும் ஒரு கார்பன் பகுதி இருக்கும். அது வாசனையை நீக்கும். கூடவே குளோரினையும் உறிஞ்சிவிடும். அதாவது, தண்ணீருக்கு இருந்த காவல்காரரை வெளியே அனுப்பிவிடுகிறது. ஃபில்டர் தொட்டியில் இரண்டு மூன்று நாள் தேங்கும் தண்ணீரில் மறுபடி கிருமி வளரலாம். வெளியூர் போய்விட்டு வந்தால், முதல் வேலையாகத் தொட்டித் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள்.

மழைக்காலத்துக்கென்று தனி எச்சரிக்கை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கும்பக்கரை அருவிக்குக் குளிக்கப் போகக் கூடாது என்று வனத்துறை தடை போட்டு, வராக நதிக் கரையோரத்துக்கு வெள்ள எச்சரிக்கை விடுகிற நாள்களில், குழாயிலும் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரலாம். அன்றைக்கு எந்த ஃபில்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். தண்ணீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். மஞ்சள் காமாலையைப் பரப்பும் வைரஸும் செத்துவிடும். மேலே கொடைக்கானலில் இருக்கும் உறவினர்களுக்கு மூன்று நிமிடம் என்று சொல்லுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

"காய்ச்சினா கேஸ் தீந்துபோகுமே" என்ற கவலைக்கு ஒரு கணக்கு. குடிக்க மட்டும் தினமும் ஐந்து லிட்டர் காய்ச்சினால், மாதத்துக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டரில் அது எட்டில் ஒரு பங்கு. மழைக்கால இரண்டு மாதத்துக்கு, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு, இது பெரிய செலவில்லை.

தெளியவைப்பதற்குப் பெரியகுளத்துக்காரர்களிடம் சொந்தச் சரக்கே இருக்கிறது. தமிழ்நாடு முழுக்கத் தோட்டங்களில் காய்க்கும் பி.கே.எம். 1 முருங்கை, இங்கே இருக்கும் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கியது, 'பி.கே.எம்' என்பதே பெரியகுளம்தான். முற்றிய முருங்கை விதையின் பருப்பைப் பொடித்துக் கலங்கல் தண்ணீரில் கலக்கினால், அதிலுள்ள புரதம் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியச் செய்யும். கிராமங்களில் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்ததும் இதற்குத்தான். ஆனால், தெளிவு வேறு, சுத்தம் வேறு. கிருமிகளில் ஒரு பகுதி தெளிந்த நீரிலேயே தங்கிவிடும் என்பதால், அப்படித் தெளிந்த தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

செம்புக் குடமும் வெறும் நம்பிக்கை அல்ல. பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது, அவை உயிரோடு இல்லை என்று கண்டறிந்தார்கள். கவனிக்க: 16 மணி நேரம். காலையில் ஊற்றி மத்தியானம் குடிப்பதற்கு அது பொருந்தாது.

ஆர்.ஓ யாருக்கு வேண்டும்?

ஆர்.ஓ கெட்டதும் இல்லை, வீண் ஆடம்பரமும் இல்லை. சரியான இடத்தில் அது அருமையான கருவி. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இந்திய விஞ்ஞானியும் சேர்ந்து, அழுத்தம் கொடுத்தால் உப்பை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் சவ்வை உருவாக்கினார்கள். பெயரைக் கேட்டதும் திருக்கண்ணபுரம் பெருமாள் நினைவுக்கு வருகிறாரா! கடல் நீரைக் குடிநீராக்க முடியுமா என்ற தேடலில் பிறந்தது அது. 1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில், உப்புக் கலந்த நிலத்தடி நீரைச் சுத்திகரிக்க முதன்முதலாகப் பயன்பட்டது. இன்றைக்குச் சென்னைக்குக் கடல்நீர்க் குடிநீர் கொடுக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் வரை அதே தத்துவம்தான். உப்பை விரட்டப் பிறந்த கருவியை, உப்பே இல்லாத சோத்துப்பாறைத் தண்ணீருக்கு மாட்டுவதில் என்ன லாபம்?

ஆனால், உங்கள் வீட்டில் குடிப்பது போர் தண்ணீர், ரிப்போர்ட்டில் டி.டி.எஸ் 900, 1,200 என்று வந்திருக்கிறது, அல்லது நைட்ரேட்டோ ஃப்ளோரைடோ எல்லை தாண்டியிருக்கிறது என்றால், யு.வி-யும் யு.எஃப்-பும் எந்த உதவியும் செய்யாது. கரைந்த உப்பு அவற்றின் வழியே அப்படியே போய்விடும். அங்கே ஆர்.ஓ வேண்டும். ஃப்ளோரைடு எவ்வளவு பெரிய பிரச்னை என்பதற்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களே சாட்சி. பற்களில் கறை, வளைந்த எலும்பு என்று தலைமுறைகளாக அவதிப்பட்ட அந்த மக்களுக்காகத்தான் ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நல்ல ஆற்றுத் தண்ணீர் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை என்பதால்தான் அவ்வளவு செலவு. எனவே, போர் வைத்திருக்கும் பெரியகுளம் வீடுகளும் குடிப்பதற்கு மட்டும் குழாய்த் தண்ணீரைத் தனியாகப் பிடித்துவைக்க முடியுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. ஒரே டேங்கில் இரண்டையும் கலந்துவிட்டு, பிறகு அதைப் பிரிக்க மெஷின் வாங்குகிற வீடுகள் நிறைய.

வாங்கத்தான் வேண்டும் என்றால், ஒரு விஷயத்தில் கவனம். பல ஆர்.ஓ மெஷின்களில் 'டி.டி.எஸ் கன்ட்ரோலர்' என்று ஒரு திருகு இருக்கும். 'மினரல் சேர்க்கிறது' என்று சொல்லி விற்பார்கள். பல மாடல்களில் அது செய்வது, ஆர்.ஓ சவ்வு வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை மறுபடி கலப்பதுதான். வெறும் உப்புத் தண்ணீர் என்றால் பரவாயில்லை. ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ இருக்கும் வீட்டில், கஷ்டப்பட்டு நீக்கியதைத் திரும்ப ஊற்றுவது போல ஆகிவிடும். அந்தத் திருகை மூடிவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, வீணாகும் தண்ணீர். சாதாரண வீட்டு ஆர்.ஓ ஒரு லிட்டர் கொடுக்க, இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். குடிக்கவும் சமைக்கவும் தினமும் 20 லிட்டர் எடுக்கும் குடும்பத்தில், மூன்று மடங்கு என்று வைத்தால் நாளுக்கு 60 லிட்டர் கழிவு. வருடத்துக்கு 21,900 லிட்டர். இந்த விரயத்தைப் பார்த்துத்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம், டி.டி.எஸ் 500-க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ-வைத் தடைசெய்ய வேண்டும் என்றும், மற்ற இடங்களில் உள்ளே போகும் நீரில் 60 சதவிகிதமாவது குடிநீராக வெளிவர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பிறகு வழக்கு, வரைவு விதிகள் என்று விஷயம் நீண்டது. கடைக்குப் போனால் உங்கள் ஊர் டி.டி.எஸ் என்ன என்று யாரும் கேட்பதில்லை. நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழிவு நீரைப் பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்தலாம். செடிக்குத் தினமும் ஊற்றுவது நல்லதல்ல. 1,000 டி.டி.எஸ் தண்ணீர் உள்ளே போனால், வெளியே தள்ளப்படும் நீரில் 1,300 இருக்கும். கொஞ்ச நாளில் தொட்டி மண் உப்பாகிவிடும். கறிவேப்பிலைதான் முதலில் முறைக்கும்.

விலைச்சீட்டில் இல்லாத விலை

ஃபில்டரின் விலை, வாங்கும் நாளோடு முடிவதில்லை. உதாரணத்துக்கு, 15,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.ஓ, வருடப் பராமரிப்புக்கு 4,000 ரூபாய் என்று வைத்தால், ஐந்து வருடத்தில் அது 35,000 ரூபாய் மெஷின். கரன்ட் தேவையில்லாத யு.எஃப்-புக்கு ஆகும் செலவு இதில் ஒரு சிறு பங்குதான். கடையில் கேட்க வேண்டியது "எவ்வளவு டிஸ்கவுன்ட்?" என்பதல்ல. "கேண்டில், கார்பன், மெம்பரேன் ஒவ்வொன்றும் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றணும், சர்வீஸ் ஆள் பெரியகுளத்திலேயே இருக்காரா, தேனியிலிருந்து வரணுமா?" என்று கேளுங்கள். பதிலை பில்லின் பின்பக்கமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.ஓ என்றால் ஐ.எஸ். 16240, யு.வி என்றால் ஐ.எஸ். 14724 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூரில் பாகங்களைக் கோத்து, மேலே பளபளப்பான கவர் போட்டு விற்கும் மெஷின்களில் அது இருக்காது.

"மெம்பரேன் போயிடுச்சும்மா, மாத்தணும்" என்று சர்வீஸ் ஆள் சொன்னால், அந்தச் சில நூறு ரூபாய் மீட்டரை அப்போது வெளியே எடுங்கள். உள்ளே போவது 1,000, வெளியே வருவது 100 என்றால் மெம்பரேன் நன்றாகவே வேலை செய்கிறது. 300, 400 என்று ஏறியிருந்தால் அவர் சொல்வது சரி. டி.டி.எஸ் கன்ட்ரோலர் திறந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும் என்பதால், அதை மூடிவிட்டு அளக்க வேண்டும். யு.வி-க்கு இப்படி வீட்டில் சோதிக்க வழியில்லை. விளக்கு மாற்றிய தேதியை மெஷின் மீதே மார்க்கரில் எழுதிவைப்பதுதான் ஒரே வழி.

வாடகை வீட்டில் இருப்பவர்களும், ஆறு மாதத்தில் ஊர் மாறுகிறவர்களும் சுவரில் துளை போட வேண்டியதில்லை. நகராட்சித் தண்ணீர் என்றால், மேடை மீது வைக்கும் யு.எஃப் ஒன்றும், மழைக்காலத்துக்கு ஒரு பெரிய பாத்திரமும் போதும். 20 லிட்டர் கேன் வாங்குகிறவர்கள் சீல், ஐ.எஸ். 14543 என்ற எண், தயாரித்த தேதி மூன்றையும் பார்த்து வாங்குங்கள். வெயிலில் லாரி மீது நின்ற கேனைத் தவிர்த்துவிடுங்கள். கேனைக் கவிழ்த்துவைக்கும் டிஸ்பென்சரை மாதம் ஒருமுறையாவது பிளீச்சிங் கரைசல் விட்டுக் கழுவி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதன் குழாயின் உட்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால், கேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.